ஐந்தாவது மன்றாட்டு

ப்ரீதா எழுதிய கவிதை ஒன்று ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின், இரும்புத் தகடு அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் முழ உயரம். ஷிஃப்டுக்கு வருகிற ஆள் எவரும் அதைப் பார்க்காமல் மிஷினுக்குப் போக முடியாது. அவள் பிளஸ் டூ படிக்கும்போது, தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கென்று கம்பெனி நடத்திய பாதுகாப்பு வாரக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது அது. முழுக் கவிதைக்குச் சுவரில் இடம் போதவில்லை என்று கடைசி இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

'கவனம் ஒன்றே கவசம் தோழா,
விரல்கள் பத்தும் உன் பொறுப்பு.'

அந்தச் சுவரை ஒட்டி நிற்கும் பிரஸ்ஸில்தான், போன ஐப்பசி மழையில், அவளுடைய அப்பா அருள்ஜோசப்பின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

போயின என்று சொல்வது கம்பெனி பாஷை. விரல் தானாக எங்கேயும் போகாது. பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே நுழைந்தால் மிஷின் அப்படியே நின்றுவிடும். எண்ணெய்த் துளி தெறித்தாலும் நிற்கும், கை லேசாகப் பக்கத்தில் வந்தாலும் நிற்கும். எக்ஸ்போர்ட் ஆர்டர் நெருக்கிய நாட்களில் இப்படி நின்று நின்று ஓடினால் உருப்படி விழாது என்று மேலே இருந்து சத்தம் வந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு துண்டு வயரைக் குறுக்கே மாட்டச் சொன்னார். அதற்கப்புறம் சென்சார் பச்சை விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருந்தது. பிரஸ் ஷாப்பில் அது தெரியாத ஆள் கிடையாது. அருள்ஜோசப்புக்கும் தெரியும். தெரிந்துதான் ஓட்டினார், மாட்டேன் என்றால் கேட் அந்தப் பக்கம் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு ஒரு விசாரணை வைத்தார்கள். பர்சனல் மேனேஜர் கமலக்கண்ணன்தான் விசாரித்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டு, "உங்க பொண்ணே சுவத்துல எழுதியிருக்கே அருள், நீங்களே அதைப் படிக்கலைன்னா எப்படி?" என்று சிரித்தாராம். இதை வீட்டில் வந்து சொன்னது அருள்ஜோசப்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் எல்லாரும் உன் பாட்டைச் சொன்னாங்க பாப்பா என்று, ஏதோ பெருமை சேதி கொண்டுவந்தவர் மாதிரி சொன்னார். அன்றைக்கு ப்ரீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. பாதி ஆத்திரம் கமலக்கண்ணன் மேல். மீதி, விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத அப்பாவின் மேல். தன் மேலும் இருந்தது. அதை எந்தக் கணக்கில் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் போட்டிக்குப் பரிசாக வந்த ஹாட்பாக்ஸில்தான் அவர்கள் வீட்டில் ராகிக் களி இருக்கும். அம்மா ஆரோக்கியசெல்வி விடியலில் களி கிண்டி உருட்டி அதில் போட்டு மூடிவிட்டு ரோஜாப் பண்ணைக்குப் போய்விடுவாள். பாகலூர் ரோட்டில் பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணை. வெயில் காலத்தில் உள்ளே ஆவி கட்டி நிற்கும். பெங்களூருக்குப் போகிற ரோஜாக்களை நீளம் பார்த்துப் பிரித்து, முள் சீவி, கட்டுக் கட்டி அட்டை சுற்றுகிற வேலை. சாயங்காலம் வரும்போது அவள் விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். குழம்பில் கை வைத்தால் புளி எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவாள். ப்ரீதா இப்போதெல்லாம் அந்த ஹாட்பாக்ஸைத் திறப்பதில்லை. பசித்தால் அம்மா எடுத்து வைக்கிறவரை உட்கார்ந்திருப்பாள்.

அவள் பி.ஏ. தமிழ் கடைசி வருஷம். தினமும் கிருஷ்ணகிரிக்குப் பஸ். அரசு கல்லூரி.

போன பங்குனியில் கல்லூரியில் வேலை வழிகாட்டி முகாம் என்று ஒன்று நடத்தினார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். கரண்ட் போய் மின்விசிறி நின்ற ஹாலில் வியர்த்துக்கொண்டே, உங்களுக்குள் ஒரு தீ இருக்க வேண்டும் என்றார். உங்களுக்கு எதில் ஆர்வம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ப்ரீதா கவிதை என்றாள். அவர் முகம் மலர்ந்துபோய், கவிதை எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கு விளம்பரத்தில் நல்ல வாய்ப்பு, சோப்புக்கும் அரிசிக்கும் இரண்டு வரி எழுதத் தெரிந்தால் போதும் என்றார். ப்ரீதா உட்காரவில்லை. அப்படி எழுதின வரியை நம்பி ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் சார் பொறுப்பு என்று கேட்டாள். ஹாலில் சிரித்தார்கள். அவரும் சிரித்து, நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை அவளுக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கவிதையை அவள் படிப்பில் பிடித்துக்கொள்ளவில்லை. கோவிலில் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பூசையில் ஒருவர் முன்னால் நின்று, காணாத ஒருவரை முன்னிலையில் வைத்து, நீர் பாரும், நீர் கேளும் என்று பேசுவார். பதில் வராது. வராது என்று தெரிந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவார். யாரும் அதைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. கவிதை என்றாலும் அப்படித்தான், கேட்பவர் யாரென்று தெரியாமல் ஒருவர் எழுந்து நின்று பேசுவது என்று அவள் தானாக முடிவு செய்துகொண்டாள். அந்த இடத்தில் பொய் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்றும் நம்பினாள். அப்படிப்பட்டவள் ஒரு ஹாட்பாக்ஸுக்கு ஆசைப்பட்டு, பிரஸ் மிஷினைக் கண்ணால் பார்க்காமலே, விரல்கள் பத்தும் உன் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்ததும் கமலக்கண்ணன் வீடு தேடி வந்தார். மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருப்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. கார் சந்துக்குள் நுழையாது. நடந்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆரோக்கியசெல்வி கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அருள்ஜோசப்பை இப்போது கேட்டில் உட்கார வைத்திருக்கிறோம், விசில் ஊதி வண்டியை விடுகிற வேலைதான், கையை நோகடிக்க மாட்டோம் என்றார். ஜூனில் ஆபீஸில் ஒரு டிரெய்னி இடம் காலியாகிறது, ப்ரீதாவை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம் என்றார். கம்பெனி மாதப் பத்திரிகை, பண்டிகை வாழ்த்து, சுவர் வாசகம் எல்லாவற்றுக்கும் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம். இன்னொரு சுவர் காலியாக இருக்கிறது என்று அவர் சொன்னது வேடிக்கையாகத்தான். அருள்ஜோசப் இடது கையைச் சட்டைப் பையில் வைத்தபடி எழுந்து நின்று, ரொம்ப நன்றிங்க சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விபத்துக்குப் பிறகு அந்தக் கை பையிலேயேதான் கிடக்கிறது. சாப்பிடும்போதும் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்.

போகும்போது கமலக்கண்ணன் இன்னொன்றும் சொன்னார். மே முதல் தேதி உங்கள் கோவில் விழாவுக்கு எங்கள் பிளான்ட் ஹெட் வருகிறார், கோவில் ஹாலுக்கு ஷீட் போட்டுத் தந்தது நாங்கள்தான் இல்லையா, நல்லபடியாக நடக்கட்டும் என்றார்.

மே முதல் தேதி, இயேசுவை வளர்த்த தச்சர், தொழிலாளரான சூசையப்பரின் திருவிழா. சிப்காட்டை ஒட்டிய அந்தக் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு அடுத்து அதுதான் பெரிய நாள். ஸ்பேனர், டேப், மேசன் கரண்டி, தையல் கத்தரி என்று ஆளாளுக்கு ஒரு கருவியை எடுத்துப்போய்ப் பீடத்தின் முன் மேசையில் வைப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுப்பார். அதற்கு முன்னால் மன்றாட்டுகள். ஒருவர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றின் முடிவிலும் சபை முழுவதும் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்லும். என்ன வாசித்தார்கள் என்று கவனிக்காதவர்கள்கூட அந்த இடத்தில் சரியாக வாயைத் திறப்பார்கள். அவ்வளவு பழக்கம். இந்த வருஷம் மன்றாட்டு எழுதி வாசிக்க வேண்டியவள் ப்ரீதா என்று பங்குத்தந்தை பென்சன் அறிவித்திருந்தார்.

அவள் ஐந்து எழுதிக்கொண்டு போனாள். பென்சன் சாமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனுஷர். இளைஞர்களோடு வாலிபால் ஆடுவார். முதல் நான்கைப் படித்துத் தலையாட்டியவர் ஐந்தாவதை இரண்டு தரம் படித்தார். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"இது மன்றாட்டு இல்லம்மா. இது புகார்."

"வேற எங்கயும் கேக்க முடியாததத்தான சாமி இங்க வந்து கேக்குறோம்?"

"கேளு. யாரையும் குத்திக்காட்டாம கேளு. தொழிற்சாலைகளில் விபத்து நடக்காதிருக்க, அப்படின்னு பொதுவா எழுது. அவ்ளோதான்."

"விபத்து நடக்கல சாமி. நடத்துனாங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே புதுசாகப் பளபளத்த ஷீட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு, கோபத்தோடு எழுதினால் அது ஜெபம் ஆகாது, மனசு ஆறின பிறகு எழுது என்று மெதுவாகச் சொன்னார். ப்ரீதா தாளை வாங்கிக்கொண்டாள். சோப்புக்காரர் ஒரு விதமாகச் சொன்னார், கமலக்கண்ணன் ஒரு விதமாகச் சொன்னார், இப்போது இவரும். அவள் எழுதுவது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்ல ஊரில் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் காற்றடித்து, ராயக்கோட்டை பக்கம் மின்னிவிட்டு, நாலு சொட்டு மழை விழுந்து நின்றுவிட்டது. புழுக்கம் இன்னும் அதிகமானது. ஆரோக்கியசெல்வி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிற பக்கத்து வீட்டுச் சாந்தம்மாவும் கூட உட்கார்ந்து உரித்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். ப்ரீதா உள்ளே ஐந்தாவது மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது இரண்டு பேருக்கும் கேட்டது. உங்கள் சாமியிடம் இப்படியெல்லாம் ஜகளம் பண்ணலாமா, சண்டை பிடிக்கலாமா என்று சாந்தம்மா ஆச்சரியமாகக் கேட்டாள். எங்கள் அம்மனை நாங்கள் மழை இல்லாவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவோம், உங்கள் சாமி பாவம், ஸ்தோத்திரம் மட்டும்தான் கேட்பார் என்று நினைத்தேன் என்றாள். ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை. உரித்த கொட்டையைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"படிக்கப் போறியா அத?"

"ஆமா."

"உங்கப்பனோட கேட் வேல போவும். உனக்கு ஜூன்ல ஒண்ணும் கெடைக்காது. தெரியுதா?"

"தெரியுதும்மா."

"வேல போனா போவுது, எங்க பண்ணைல ஆள் எடுத்துகினுதான் கீறாங்க. அதுக்கோசரம் நான் சொல்லல. அந்த மனுசன் கைய மறச்சிகினு நடக்குறாரு. நீ ஊரக் கூட்டி வெச்சி அத அவுத்துக் காட்டப் போற. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ப்ரீதா கேட்கவில்லை. அது உறைத்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அருள்ஜோசப் வந்ததும் ஐந்தாவதைப் படித்துக் காட்டி, வாசிக்கலாமா என்று கேட்டாள். அவர் கேட்டில் போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டையைக் கழற்றாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். அவள் படித்து முடித்ததும், கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி, நாளைக்கு மந்திரிக்க எடுத்துப்போக வேண்டும் என்று சாமி படத்தின் கீழே வைத்தார்.

"என்னாத்துக்கு பாப்பா இதெல்லாம்? நான் கத்தி ஆவாதது, நீ கத்தி ஆவப்போவுதா?"

"நீ எங்கப்பா கத்துன? ஒரு நாளாவது கத்துனியா? அந்தாளு நம்ம வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டு இன்னொரு சுவர் காலியா கீதுன்னு சொல்றான், நீ நன்றிங்க சார், நன்றிங்க சார்னு நிக்கிற."

"நின்னேன். உனக்கோசரம்தான் நின்னேன். நீ பேனா புடிச்சி ஆபீஸ்ல உக்காரணும், எண்ணெ நாத்தம் உன் மேல வரக்கூடாது, அதுக்குத்தான் நின்னேன்."

"எந்தப் பேனாவப் புடிச்சி? விரல் பத்தும் உன் பொறுப்புன்னு எழுதுன பேனாவத்தான? அதத்தான் அந்தாளு உன் தலையில வெச்சி எழுதி முடிச்சான். நான் எழுதுனதாலதான்."

அருள்ஜோசப் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் இதை இத்தனை மாதமாக மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில், நீ என்னவோ படி, என் கையை மட்டும் ஊருக்குக் காட்டாதே பாப்பா என்றார். அவள் சரி என்றாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். அவரைக்கொட்டைக் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லக்கூட ஆளில்லை.

மறுநாள் கோவில் வழிந்தது. உள்ளே இடமில்லாமல் புது ஷீட்டுக் கூரையின் கீழ் பாதி ஜனம் நின்றது. பிரஸ் ஷாப் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சூசையப்பருக்கு மாலை போட எந்த மதத்துக்காரர்களும் வருவார்கள். முன் வரிசையில் தனியாகப் போட்ட நாற்காலிகளில் பிளான்ட் ஹெட்டும் கமலக்கண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். பென்சன் சாமி பிரசங்கத்தில் உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசிவிட்டு, ஹாலுக்குக் கூரை தந்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ப்ரீதா போய் மைக்கின் முன் நின்றாள். திருச்சபைக்காக ஒன்று வாசித்தாள். நாட்டுத் தலைவர்களுக்காக ஒன்று. மழைக்காக ஒன்று. நோயாளிகளுக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சபை கடகடவென்று பதில் சொன்னது. பென்சன் சாமி முடிந்தது என்று நினைத்துக் கை கூப்பினார். அவள் தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உழைக்கிறவர்களின் ஆண்டவரே, பிரஸ் ஷாப் சுவரில் 'விரல்கள் பத்தும் உன் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தவள் நான். மிஷினைப் பார்க்காமல் எழுதினேன். அந்த வரியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என்னை மன்னியும். அந்தச் சுவருக்குக் கீழே சென்சாரைச் செத்த பொருளாக்கி வயரை மாட்டச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த வயர் இன்னும் சில மிஷின்களில் இருக்கிறது. அதைக் கழற்றுகிறவரை அவர்களை மன்னிக்க அவசரப்படாதேயும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக்..." என்று பழக்கத்தில் கோவில் முழுவதும் ஆரம்பித்தது. பாதியில் என்ன கேட்டோம் என்று உறைத்துச் சத்தம் அறுந்தது. பின்வரிசைப் பெண்கள் சிலர் மட்டும் தெரியாமல் முடித்தார்கள். பிளான்ட் ஹெட்டுக்குத் தமிழ் தெரியாது. எல்லாரும் ஏன் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று கமலக்கண்ணனின் காதருகே குனிந்து கேட்டார். கமலக்கண்ணன் தரையைப் பார்த்தார். பென்சன் சாமி முகம் சிவந்து நின்றார்.

ப்ரீதா மைக்கை விட்டு நகரவில்லை. இரண்டாம் தரம், முன்னைவிட மெதுவாக, "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்றாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவளுடைய அம்மா. எழுந்து நின்று, வேலைக்குப் போகிற அவசரத்தில் பேசுகிற அதே கட்டைக் குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். ஷீட்டுக் கூரையின் கீழிருந்து பிரஸ் ஷாப் ஆட்கள் சிலர் சொன்னார்கள். கோவிலில் பாதிக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. யார் திறக்கவில்லை என்று ப்ரீதா நின்று பார்த்தாள். தெரிந்த முகங்கள். விபத்தான புதிதில் வீட்டுக்கு வந்து, பாவம்ப்பா அருளு என்று உச்சுக்கொட்டிய முகங்கள். அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கோவில் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

பாடல்காரர்கள் அவசர அவசரமாகக் காணிக்கைப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். ஜனம் கருவிகளோடு வரிசையில் வந்தது. ஸ்பேனர்கள், வெல்டிங் கண்ணாடி, ஒரு புது ஹெல்மெட், ஆரோக்கியசெல்வியின் முள் சீவுகிற கத்தி. மேசை நிறைந்துகொண்டே வந்தது. ஆண்கள் வரிசையில் அருள்ஜோசப் வந்தார். காலையில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். இப்போது அது கழுத்தில் இல்லை. வரும் வழியில் எங்கே கழற்றினார் என்று ப்ரீதாவுக்குத் தெரியவில்லை. வலது கை வெறுமையாக இருந்தது. அப்பா காணிக்கை இல்லாமல் ஏன் வருகிறார், தன்னைத் திட்டத்தான் வருகிறாரா என்று அவள் ஒரு கணம் பயந்தாள்.

அருள்ஜோசப் மேசையருகே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து இடது கையை எடுத்தார். ஸ்பேனருக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் கிடந்த கொஞ்சம் இடத்தில் அதை விரித்து வைத்தார். நடுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்தில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. முன் நாற்காலிகளிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பாட்டு நின்றுபோயிற்று.

"இத வெச்சித்தான் சாமி இத்தன வருசம் அவங்க மிஷின ஓட்டுனேன்," என்றார். "இதுவும் கம்பெனி சாமான்தான். மந்திரிங்க."

பென்சன் சாமி தீர்த்தச் செம்போடு நின்றார். முன் வரிசையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். தெளிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அருள்ஜோசப் கையை எடுக்கவில்லை.